பிரம்பு நாணில் கோளாறா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பிரம்பை வகிர்ந்து வில்லுக்கு நாண் செய்யப் பழகுகிறவர்களுக்கு வருகிற சிக்கல்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். வகிரும்போது பிளவு ஒரு பக்கமாக ஓடிவிடும். வில்முனையில் மாட்டும் வளையமான கண்ணியை மடிக்கும்போது தோல் வெடிக்கும். காலையில் விறைப்பாகப் பூட்டிய நாண் மத்தியானத்துக்குள் தொய்ந்துவிடும். எல்லாம் கைவந்துவிட்டது என்று நினைக்கிற நேரத்தில் நாண் தெறித்து, வில் கையைவிட்டு எகிறும். எனக்கு இவை எல்லாமே நடந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் அதன் அறிகுறியோடு கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் நாணில் தெரிவது எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் தாண்டிப் போக வேண்டாம். மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

பலம் எங்கே இருக்கிறது

பிரம்பு பனைக் குடும்பத்துக் கொடி. மூங்கிலைப்போல உள்ளே குழலாக இருக்காது, முழுக்கக் கெட்டி. ஒரு துண்டைக் கூரான கத்தியால் குறுக்கே வெட்டி வெளிச்சத்தில் பாருங்கள். வெட்டிய முகம் முழுக்க ஊசி குத்தியதுபோலப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நார்க்கற்றையின் முனை. ஓரத்தில், தோலுக்கு அடியில், அந்தப் புள்ளிகள் நெருக்கியடித்து நிற்கும். நடுவுக்குப் போகப்போக விலகிப் போகும். நடுவில் இருப்பதைச் சோறு என்று சொல்லலாம். சோறு வளையும், நசுங்கும், இழுவை மட்டும் தாங்காது. நாணின் சுமையில் பெரும்பங்கைத் தாங்குவது தோலை ஒட்டிய ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்தான்.

அந்த நார்கள் கொடியின் நீளவாக்கில் ஓடுகின்றன. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நார் அறுபடாமல் போனால் மெல்லிய பட்டைகூட வில்லைத் தாங்கும். நடுவில் கத்தி சாய்வாகப் போய் நாரை அறுத்திருந்தால், அதைவிடக் கனமான பட்டையும் தெறிக்கும். அதனால் எந்தக் கோளாறு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது இரண்டே விஷயம்: நார் எங்கேயாவது அறுபட்டிருக்கிறதா, ஈரம் பதமாக இருந்ததா. பெரும்பாலான கோளாறுகள் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

நியூகினித் தீவில் பனை மரத்தில் செய்த வில்லுக்குப் பிரம்புப் பட்டையோ மூங்கில் பட்டையோ நாணாகப் பூட்டுகிறார்கள். மத்திய இந்தியாவின் பீல் மக்களும் மூங்கில் பட்டை நாண் பூட்டுவதுண்டு. நூல் முறுக்கிப் புரி சேர்த்த நாணில் ஒரு நூல் அறுந்தால் மற்ற நூல்கள் அந்தச் சுமையைப் பங்கு போட்டுக்கொள்ளும். பட்டை நாணில் அந்தத் தயவு கிடையாது. ஓரத்தில் விழுந்த ஒரு சின்னக் கீறல், ஒவ்வொரு அம்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். ஆனால் ஒழுங்காகச் செய்த பட்டைக்கு ஈடான நாண் எனக்குத் தெரிந்து குறைவு: முறுக்கு இல்லாததால் புரி இறுகி நீள்கிற தொல்லை இல்லை, ஒரு மணி நேரத்தில் புது நாண் செய்துவிடலாம், கையில் ஒரு கத்தி போதும்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. நாண் வில்லின் இழுவையைப்போல நான்கு மடங்கு தாங்க வேண்டும் என்பது வில் செய்கிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அம்பு விடுபட்டதும் வில்லின் இரண்டு கைகளும் முன்னால் பாய்ந்து சட்டென்று நிற்கும். அந்த நொடியில் நாணில் விழும் வெட்டிழுப்பு, நாம் இழுத்துப் பிடிக்கும்போது இருக்கும் சுமையைவிட மிக அதிகம். 40 பவுண்டு வில் என்றால், அதை முழுக்க இழுக்க வேண்டிய விசை ஏறக்குறைய 18 கிலோ. நாண் 72 கிலோ தாங்க வேண்டும். வளர்ந்த ஒரு ஆளின் எடை! நான் தொடங்குவது 6 மி.மீ அகலம், ஒன்றரை முதல் 2 மி.மீ கனம். நாணுக்கு எடுத்த அதே பட்டையின் மிச்சத் துண்டை உத்தரத்தில் கட்டி, மணல் மூட்டையைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள். வில்லில் பூட்டிச் சோதிப்பதைவிட இது மலிவு, முகத்துக்கும் ஆபத்து இல்லை.

வகிரும்போது பிளவு ஒரு பக்கமாக ஓடுகிறது

தொடங்கும்போது இரண்டு பாதியும் சமமாக இருக்கும். ஒரு முழம் போவதற்குள் ஒன்று தடித்து, மற்றது தாளாக மெலிந்து, கடைசியில் கூராகி அற்றுப்போகும். கை உடனே செய்ய நினைப்பது, மெலிந்த பக்கத்தை இன்னும் பலமாக இழுப்பது. அதுதான் தப்பு. பிளவு எப்போதும் அதிகமாக வளைகிற பக்கத்தை நோக்கி ஓடும். மெலிந்த பக்கம் எளிதில் வளைவதால், இழுக்க இழுக்க அது இன்னும் மெலியும்.

மெலிகிற பக்கத்தை நேராக, அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். தடித்த பக்கத்தை மட்டும் வெளிப்புறமாக வளைத்து இழுங்கள். பிளவு மெதுவாகத் தடித்த பக்கத்துக்குள் நகர்ந்து நடுவுக்கு வரும். வந்ததும் இரண்டு பக்கத்தையும் சமமாக வளைத்து மேலே போகலாம். கட்டைவிரல்கள் இரண்டும் பிளவின் வாயிலேயே இருக்கட்டும். விரலுக்கும் பிளவுக்கும் நான்கு அங்குலம் இடைவெளி விட்டால் பிளவு உங்கள் பேச்சைக் கேட்காது. கத்தியின் வேலை வாயைத் திறந்துவிடுவதோடு முடிந்தது. அதற்கப்புறம் வகிர்வது கை. கத்தியை உள்ளே தள்ளிக்கொண்டே போனால் அது தனக்குத் தோன்றிய வழியில் போகும். கையால் வகிர்ந்தால் பிளவு நாரோடு போகும்.

எப்போதும் பாதி பாதியாகவே வகிருங்கள். இரண்டு, நான்கு, எட்டு. ஒரு முழுப் பிரம்பிலிருந்து நேரடியாக ஒரு மெல்லிய பட்டையை உரித்தெடுக்கப் பார்த்தால் அது ஓடத்தான் செய்யும், ஏனென்றால் ஒரு பக்கம் கம்பு, மறுபக்கம் காகிதம். சோற்றைக் கழற்றும்போதும் இதே விதிதான். நாலில் ஒரு பங்கான துண்டில் சோற்றின் பெரும்பகுதியை முதலில் பிளந்து எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சீவிக் குறைப்பது நல்லது.

சீவுவதற்கு ஒரு முறை: கத்தியை ஒரு கட்டைமேல் அசையாமல் அழுத்திப் பிடித்து, அதன் அடியில் பட்டையைச் சோற்றுப் பக்கம் மேலாக வைத்து இழுங்கள். கத்தி நகரக் கூடாது, பட்டைதான் நகர வேண்டும். ஒரே இழுப்பில் முடிக்க நினைக்காமல், கத்தியின் சாய்வை மாற்றி மாற்றி நாலைந்து தடவை இழுத்தால் கனம் சீராக வரும்.

கணுவில் முறிகிறது, அல்லது பிளவு கணுவில் குதிக்கிறது

கணுவில் இலையுறை ஒட்டியிருந்த வளையம் இருக்கும். பிளவு அந்த இடத்துக்கு வரும்போது வேகம் குறையுங்கள். கணுவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விரலால் கவ்விப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். முடிந்தால் கணு இடைவெளி நீளமான கொடியாகப் பார்த்து எடுங்கள்.

பட்டை ஆனபிறகு கணு மேடாகத் துருத்திக்கொண்டிருக்கும். அதைச் சமமாக்க வேண்டும் என்று ஆசை வரும். துருத்தும் தோலை மட்டும் சுரண்டினால் போதும். மேட்டை முழுக்கச் சீவி வழவழப்பாக்கினால், அந்த மேட்டின் வழியே வளைந்து போகும் நார்களை நீங்களே அறுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மூங்கிலில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அங்கே கணுவில் நார்கள் நேராகப் போகாமல் பிரிந்து கலைந்து போகும், கணுக்களும் நெருக்கமாக இருக்கும். ஒன்றரை மீட்டர் நாணில் மூன்று நான்கு கணுவாவது வந்தே தீரும். அவற்றைத் தவிர்க்க முடியாது, இடத்தை நகர்த்தலாம். கண்ணி மடியும் இடத்திலும் அம்பு உட்காரும் இடத்திலும் கணு வராதபடி நாணை முன்னே பின்னே தள்ளி அளந்து வெட்டுங்கள்.

கண்ணி மடிக்கும்போது தோல் வெடிக்கிறது

இதில் பதம்தான் எல்லாம். பட்டையின் நுனியைச் சுண்டுவிரலில் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், காதுக்குப் பக்கத்தில் வைத்து. காய்ந்த பட்டை மெலிதாக நொறநொறக்கும். தோலின் பளபளப்பான மேற்பூச்சு பொடிப்பொடியாக உதிரும். அந்தப் பூச்சில் மணல்சத்து, அதாவது சிலிக்கா இருக்கிறது. அது உதிர்வதால் பலம் குறையாது, ஆனால் சத்தம் கேட்டால் இன்னும் நனைய வேண்டும் என்று பொருள். பதமான பட்டை சத்தமில்லாமல் விரலோடு படியும், விட்டால் பாதி நிமிரும். சோற்றுப் பக்கத்தை நகத்தால் அழுத்தித் தண்ணீர் கசிந்தால் அதிகமாக ஊறிவிட்டது.

வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் போதும். நாற்காலிக்குப் பின்னுகிற மெல்லிய பிரம்புப் பட்டைக்கு 15, 20 நிமிடமே நிறைய. இராத்திரி முழுக்க ஊறப்போட்டால் இன்னும் நன்றாக வளையும் என்று நினைக்காதீர்கள்; சோறு தளர்ந்து, நிறம் மங்கி, தோலிலிருந்து நார் உரிய ஆரம்பிக்கும்.

பதம் சரியாக இருந்தும் வெடித்தால் மடிக்கும் பக்கத்தைப் பாருங்கள். தோல் வெளிப்புறமாக வர வேண்டும். வளைவின் வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும். இழுவைக்குத் தோல், நசுங்கலுக்குச் சோறு என்று இயற்கையே பிரித்து வைத்திருக்கிறது. மாற்றி மடித்தால் சோறு கிழியும், தோல் உள்ளே சுருங்கி மடங்கி உடையும்.

இன்னொரு காரணம் கனம். கண்ணிக்கு வரும் கடைசி 25 செ.மீ நீளத்தைச் சோற்றுப் பக்கத்திலிருந்து எலிவால்போலப் படிப்படியாக மெலியச் சீவுங்கள். சட்டென்று மெலிந்தால் மெலியத் தொடங்கும் இடத்திலேயே ஒடியும். கண்ணியைக் கையால் நேரடியாக மடக்காமல், விரல் பருமனுள்ள உருண்டைக் குச்சியில் சுற்றி, அப்படியே கட்டிக் காயவிட்டால் அந்த வடிவம் நிற்கும்.

முடிச்சு நழுவுகிறது

பிரம்புத் தோல் எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். கயிற்றுக்குப் போடும் முடிச்சு இதற்குப் பிடிக்காது. ஒரு முனையில் நிலையான கண்ணி, மறுமுனையில் கட்டு என்று வைத்துக்கொள்வதே எனக்குச் சரிப்பட்டு வருகிறது. கட்டு இப்படி: பட்டையை வில்லின் முனையைச் சுற்றிக் கொண்டுவந்து, நாணின்மேல் ஒரு சுற்றுப் போட்டு, மிச்ச வாலை அதன்மேலேயே மூன்று நான்கு முறை முறுக்கிச் சுற்றுங்கள். இழுவை ஏற ஏற அந்தச் சுற்றுகள் தாமே இறுகும். வால் மெலிந்திருந்தால் சுற்றுவது சுலபம்.

இதை ஈரமாக இருக்கும்போதே செய்கிறோம் என்பதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. காயும்போது பட்டை அகலத்திலும் கனத்திலும் சுருங்கும், நீளத்தில் அநேகமாகச் சுருங்காது. இன்றைக்கு இறுக்கமாக இருக்கும் முடிச்சு நாளைக்குள் தானாகத் தளரும். அதனால் ஈரத்தில் கட்டி, ஒரு நாள் காயவிட்டு, மறுபடி ஒவ்வொரு சுற்றாக இறுக்கிவிட்டுத்தான் முழு இழுப்பு இழுக்க வேண்டும். முடிச்சு வரும் இடத்தில் மட்டும் தோலின் வழவழப்பைக் கத்தியின் முதுகால் சுரண்டிவிட்டால் பிடிப்பு கூடும். சுரண்டுங்கள், சீவாதீர்கள்.

நாண் முடிச்சில் நழுவாமல் வில்லின் முனையிலிருந்து கீழே இறங்குகிறது என்றால் கோளாறு வில்லில். முனையில் குதை, அதாவது நாண் மாட்டும் வெட்டு, இல்லாத வில்லாக இருந்தால், கண்ணி வந்து நிற்கும் இடத்துக்குக் கீழே மெல்லிய பிரம்பு நாரை நெருக்கமாகச் சுற்றி ஒரு மேடு கட்டுங்கள்.

பூட்டும்போது சரியாக இருந்தது, கொஞ்ச நேரத்தில் தொய்ந்துவிட்டது

இது மூன்று காரணத்தால் வரும், மூன்றுக்கும் மருந்து வேறு. முதலில் எது என்று கண்டுபிடியுங்கள். நாணைப் பூட்டியதும் முடிச்சு முடியும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். பிடியிலிருந்து நாண் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

கோடு முடிச்சைவிட்டு நகர்ந்திருந்தால், நாண் நீளவில்லை, முடிச்சு நழுவியிருக்கிறது. மேலே சொன்னதைச் செய்யுங்கள்.

கோடு அதே இடத்தில் இருக்க, நாண் தளர்ந்திருந்தால், நாணைக் கழற்றி வில்லைத் தரையில் வையுங்கள். வில் முன்பைவிட அதிகமாக வளைந்தே கிடந்தால் வில் சோர்ந்திருக்கிறது. நாணைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

வில் முன்போலவே இருந்து, இடைவெளி குறைந்திருந்தால், நாண்தான் நீண்டிருக்கிறது. பெரும்பாலும் ஈரம் முழுதாகக் காயும் முன்பே சுமை ஏற்றியிருப்பீர்கள். ஈரமான நார் சுமைக்கு மெல்ல மெல்லக் கொடுத்துக்கொண்டே போகும். புது நாணை நிழலில் ஒரு நாள் காயவிட்டு, அப்புறம் ஒரு மூட்டையைத் தொங்கவிட்டு ஒரு இரவு நீட்டி, பிறகு வில்லில் பூட்டுங்கள்.

நீளம் கொஞ்சம் கூடினாலும் எவ்வளவு தெரியும் என்பதற்கு ஒரு கணக்கு. 150 செ.மீ வில், நாணுக்கும் பிடிக்கும் இடைவெளி 15 செ.மீ. வில் சீராக வட்டவில்லாக வளைகிறது என்று வைத்துக்கொண்டால், நாண் வெறும் 1 செ.மீ நீண்டதும் இடைவெளி ஏறக்குறைய 13 செ.மீ ஆகிவிடும். இன்னும் ஒரு செ.மீ நீண்டால் பத்தரைக்கு வந்துவிடும். அதனால் பூட்டும்போதே ஓரிரு செ.மீ அதிக இடைவெளியோடு பூட்டுவது நல்ல பழக்கம்.

மழை நாளில் தொய்வது தனி. தேன்மெழுகைச் சூடான துணியில் தொட்டுப் பட்டையின் இரு பக்கமும், முக்கியமாக வெட்டுப்பட்ட ஓரங்களிலும், மெலிதாகத் தேய்த்துவிட்டால் ஈரம் ஏறுவது மட்டுப்படும். தோல் பக்கம் தண்ணீரை அவ்வளவு சீக்கிரம் குடிக்காது. குடிப்பது சோற்றுப் பக்கமும் ஓரமும்தான்.

தெறித்துவிட்டது

அறுந்த நாணைக் கோபத்தில் தூக்கி எறியாதீர்கள். இரண்டு துண்டையும் எடுத்து, அறுந்த முனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இந்த வேலையில் நான் அதிகம் கற்றுக்கொண்டது அறுந்த முனைகளிடம்தான். அதற்கு முன்னால் வில்லைப் பாருங்கள்: நாண் தெறித்தால் வில்லுக்கும் அடி விழுந்திருக்கும். பஞ்சுத் துணியால் வில்லை இரு பக்கமும் துடைத்துக்கொண்டே போங்கள். துணியின் இழை மாட்டிக்கொள்ளும் இடத்தில் விரிசல் இருக்கலாம். விரிசல் விட்ட வில்லை மறுபடி பூட்டக் கூடாது.

அறுந்த முனை துடைப்பம்போல இருக்கிறதா? நார்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு நீளத்தில், ஒரு சாண் தூரத்துக்குப் பிய்ந்து நின்றால், நார் நல்ல நார், அது தன்னால் ஆனதைச் செய்துவிட்டது. சுமைதான் அதிகம். பட்டை போதாது, அல்லது அம்பில்லாமல் நாணை விட்டிருக்கிறீர்கள், அல்லது வில்லுக்கு மிக லேசான அம்பு. அம்பில்லாமல் விடும்போது அம்பு வாங்கிக்கொண்டு போக வேண்டிய விசை முழுதும் நாணிலும் வில்லிலுமே இறங்கும். விளையாட்டுக்குக்கூட அப்படிச் செய்யாதீர்கள். பட்டை போதாவிட்டால் அடுத்த நாணின் அகலத்தைக் கூட்டுங்கள், கனத்தை அல்ல. கனம் கூட்டினால் கூடுவது சோறு.

காரட்டை ஒடித்ததுபோல மொட்டையாக, குறுக்கே அறுந்திருக்கிறதா? நார் செத்துப்போயிருக்கிறது. நெருப்பில் அதிகம் வாட்டியது, பூஞ்சணம் பிடித்தது, இளங்கொடி, இவற்றில் ஒன்றாக இருக்கும். நிறம் பாருங்கள்: நீலச் சாம்பல் படிந்த கறை இருந்தால் பூஞ்சணம். அந்தக் கொடியிலிருந்து எடுத்த மற்றப் பட்டைகளையும் நாணுக்கு வைக்க வேண்டாம். கூடை பின்னலாம், கட்டுக்குப் பயன்படுத்தலாம், மனிதன் முகத்துக்கு முன்னால் இழுத்துப் பிடிக்க அது ஆகாது.

ஓரத்தில் தொடங்கிச் சாய்வாக உரிந்திருக்கிறதா? பழகுகிறவர்களின் நாண் அதிகமும் இப்படித்தான் போகிறது, என் ஆரம்ப நாண்களும் இப்படித்தான் போயின. சாய்வு தொடங்கும் இடத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பிய்ந்த இடம் சொரசொரப்பாக, பஞ்சாக இருக்கும். ஆனால் தொடக்கத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு இடம் வழவழவென்று பளபளக்கும். அது பிய்ந்தது அல்ல, கத்தி வெட்டியது. எனக்கு அந்த இடம் நன்றாக நினைவிருக்கிறது: பட்டை ஒரு இடத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலமாக இருந்தது, கண்ணுக்கு உறுத்தியது, கத்தியால் ஓரத்தைத் திருத்தினேன். அழகுக்காகத் திருத்திய அந்த இடத்திலிருந்துதான் நார் உரியத் தொடங்கியது.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு ஊசி முனையைச் சோற்றுப் பக்கத்தில் லேசாக வைத்து நீளவாக்கில் இழுத்துக்கொண்டே போங்கள், வழிகாட்டாமல். ஊசி தானாக நாரின் வழியைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கோடு பட்டையின் ஓரத்துக்கு இணையாகவே போனால் பட்டை நல்லது. கோடு சரிந்து ஓரத்தைத் தொட்டு வெளியேறினால், அங்கே நார் அறுபட்டிருக்கிறது. அகலம் சரிசெய்ய வேண்டுமென்றால் அந்தக் கோட்டின் வழியே மறுபடி வகிருங்கள். பட்டை கொஞ்சம் ஏற்ற இறக்கமாக வந்தாலும் பரவாயில்லை. மரத்துண்டில் இரண்டு அலகுகளை நிறுத்தி, நடுவே பட்டையை இழுத்து அகலம் சீராக்குகிற முறையும் இருக்கிறது; கூடை, நாற்காலிப் பின்னலுக்கு அருமையான முறை. நாணுக்கு அதைக் கடைசியாக, தலைமுடி கனம் எடுப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு நாணும் ஒரே முனையில், கண்ணிக்குப் பக்கத்திலேயே அறுகிறதா? வில்லின் முனை கத்தியாக வேலை செய்கிறது. பஞ்சை எடுத்துக் குதையின்மேல் தேய்த்துப் பாருங்கள். எங்கே பஞ்சு ஒட்டுகிறதோ அங்கே கூர் இருக்கிறது. உப்புத்தாளை ஒரு குச்சியில் சுற்றி, பஞ்சு ஒட்டாத வரை உருட்டித் தேயுங்கள். கண்ணியின் உள்பக்கத்துக்கு மெல்லிய நூல் சுற்றிவிடுவதும் உதவும்.

அம்பு உட்காரும் இடத்தில் அறுந்தால் அது தேய்மானம். அந்த 10 செ.மீ தூரத்துக்குப் பருத்தி நூலை நெருக்கமாகச் சுற்றி மெழுகு தேயுங்கள். நூல் தேயும்போது மாற்றிக்கொள்ளலாம், பட்டை பிழைக்கும்.

நீளவாக்கில் வெடிப்பு விட்டிருக்கிறது

பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் குறுக்கு வெடிப்பு அளவுக்கு இது மோசமில்லை. நார் அறுபடவில்லை, நாருக்கும் நாருக்கும் இடையில் பிரிந்திருக்கிறது. பட்டை அதிகம் காய்ந்துவிட்டது, அல்லது அகலம் கூடிப்போனது. வெடிப்பின் இரு முனையிலும் ஒரு விரற்கடை தள்ளி நூல் சுற்றி இறுக்கிவிட்டால் அது மேலே ஓடாது. வெடிப்பு ஓரத்தை நோக்கிச் சாய்ந்து போகிறதென்றால் மட்டும் நாணை மாற்றிவிடுங்கள்.

அம்பு நாணில் நிற்கவில்லை

நூல் நாணுக்குச் செய்த அம்பின் குதை 3, 4 மி.மீ அகலம்தான் இருக்கும். பட்டையோ 6 மி.மீ. குதையை அகலமாக வெட்டினால் அம்பின் வால் பிளந்துவிடும். இரண்டு வழி இருக்கிறது. நியூகினி அம்புகளுக்குப் பெரும்பாலும் இறகும் கிடையாது, குதையும் கிடையாது. அடி தட்டையாக இருக்கும். தட்டையான நாணில் அந்தத் தட்டை அடியை வைத்து விரலால் கவ்வி இழுப்பார்கள். அதைப் பழகலாம். இல்லையென்றால், ஈரமாக இருக்கும்போதே நாணுக்கு நீளவாக்கில் சில முறுக்கு ஏற்றி, இழுத்துக் கட்டிக் காயவிடுங்கள். முறுக்கேறிய பட்டை உருண்டையாக நடந்துகொள்ளும், அதன்மேல் நூல் சுற்றினால் குதை பிடிக்கும். முறுக்கு அளவோடு இருக்கட்டும். அதிகமானால் ஓரத்து நார்களில் மட்டும் சுமை ஏறும்.

நாண் கையில் அடிக்கிறது, அல்லது படபடக்கிறது

நாணுக்கும் பிடிக்கும் உள்ள இடைவெளி குறைந்திருக்கிறது. நாணைச் சுருக்குங்கள். பட்டையின் ஓரம் சதையைக் கிழிக்கும் என்பதால், ஓரங்களைக் கண்ணாடித் துண்டால் லேசாக மழுக்கிவிட வேண்டும். நாணில் விரல் வைக்கும் முன்பே செய்யவேண்டிய வேலை இது. முன்கைக் காப்பு இல்லாமல் எய்யாதீர்கள். நியூகினியில் அதையும் பிரம்பிலேயே பின்னிப் போட்டுக்கொள்கிறார்கள். படபடப்பு என்பது பட்டை ஒரு பக்கம் கனமாக, முறுகி உட்கார்ந்திருப்பதால் வருவது. கண்ணியைக் கால் சுற்றுத் திருப்பி மாட்டிப் பாருங்கள், நிறைய தடவை அதுவே போதும்.

அம்பு மந்தமாகப் போகிறது

நாண் தெறிக்குமோ என்ற பயத்தில் தடியான பட்டை போட்டிருப்பீர்கள். நாணின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அம்போடு சேர்ந்து ஓட வேண்டியிருக்கிறது. ஒன்றரை மீட்டர் நாண், 6 மி.மீ அகலம், ஒன்றரை மி.மீ கனம் என்றால் சுமார் 10 கிராம். 8 மி.மீ அகலம், இரண்டரை மி.மீ கனமாக்கினால் 20 கிராமைத் தாண்டும். கூடிய எடையில் பெரும்பகுதி சோறு. அதைச் சீவி எடுங்கள்.

மாவுபோலத் தூள் கொட்டுகிறது, கறை படிகிறது

ஊசித்துளைகளும் அடியில் மாவும் இருந்தால் உளு வண்டு புகுந்திருக்கிறது. அது பிரம்பிலிருக்கும் மாவுச்சத்தைத் தேடி வருகிறது. அந்த நாணைக் காப்பாற்ற முடியாது. பக்கத்தில் இருக்கும் மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள். பச்சைக் கொடியை வெட்டிய சில நாட்களுக்குள் வகிர்ந்து காற்றோட்டமாகக் காயவைப்பதும், சோற்றை ஒட்ட எடுத்துவிடுவதும்தான் உண்மையான காப்பு. ஈரமாகவே சுருட்டிப் பையில் போட்டு வைத்தால் கறை பிடிக்க இரண்டு மூன்று நாள் போதும்.

சுருட்டி வைத்த நாண் நெளிந்து கிடக்கிறது

இது கோளாறே இல்லை. ஈரத் துணியால் ஒருமுறை துடைத்து, ஒரு செங்கல்லைக் கட்டி நிழலில் தொங்கவிடுங்கள்; காலையில் நேராகிவிடும். அடுத்த முறை எடுத்து வைக்கும்போது தோல் பக்கம் வெளியே வர, ஒரு முழத்துக்குக் குறையாத பெரிய வட்டமாகச் சுருட்டி வையுங்கள். நான் எப்போதும் அதே கொடியிலிருந்து வகிர்ந்த இரண்டாவது நாணையும் கண்ணி போட்டு, வில்லில் ஒரு நாள் பூட்டி நீட்டி, அளவு பொருந்தியபிறகு கழற்றி முதல் நாணுக்குப் பக்கத்திலேயே மாட்டி வைக்கிறேன்.